ஒரு 'யோ' போட்டுக் கேட்டுப் பாருங்கள்!

என்னைக் கொரிய மொழிப் பைத்தியமாக்கியது நாடகமும் இல்லை, பாட்டும் இல்லை. கேள்வியின் வால்! ரூபவாஹினியில் 'சுஜாத தியணி' போனபோது எங்கள் லயமே உட்கார்ந்து அழுதது உண்மைதான். ஆனால் அது சிங்களம் பேசிய கொரிய நாடகம். ஒரு கொரியச் சொல்கூடக் காதில் விழவில்லை. ஹட்டனில் டியூஷனுக்குப் போன பிறகுதான் எனக்கு இந்தச் சுகம் கிடைத்தது.

2004இல் இலங்கையும் கொரியாவும் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தம்தான் எங்கள் பெடியன்களை இந்த மொழிக்கு இழுத்துவந்தது. வேலைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் வாசிப்பும் கேட்டலுமாக ஒரு பரீட்சை. பாதிப் பேர் பாஸாகிற கவலையில் இருக்க, நான் 'செயோ' என்கிற கேள்வி வாலில் சொக்கிப்போய்க் கிடந்தேன்.

"ஒதி கசெயோ?" என்றால் "எங்க போறீங்க?" வினை கடைசியில், மரியாதை அதன் நுனியில், அப்படியே நம்ம தமிழ்! பதிலும் நம்ம ஊர்ப் பதில்தான்; "சும்மா இப்படி" என்றால் போதும், விவரம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர்களுடைய வணக்கமான "அன்யொங்ஹாசெயோ"வே "சுகமா இருக்கீங்களா?" என்கிற கேள்விதானே! முதலாளியிடம் பேசினாலும் 'நீங்கள்' என்ற சொல் வராது. "சஜாங்னிம்" என்று பதவியைச் சொல்லிக் கூப்பிட்டு, மிச்ச மரியாதையை வாலில் வைத்துவிடுகிறார்கள்.

வாலிலும் எத்தனை ரகம்! "கம்நிக்கா?" சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு கேட்பது. "கயோ?" சாதாரணப் பணிவு, சொல்வதற்கும் கேட்பதற்கும் அதே சொல், குரல் மட்டும் மேலே ஏறும். "கல்க்காயோ?" என்றால் "போவோமா?" எனக்கு உயிர் 'ஜியோ'தான், அது அச்சு அசல் நம்ம 'தானே'. நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் நடுங்கிக்கொண்டு நிற்பவரிடம் "ச்சுப்ச்சியோ?" என்று கேட்கலாம். "குளிருதுதானே?" அங்கே வேறென்ன கேட்பதற்கு இருக்கிறது?

இன்னும் ஒன்று, இதுதான் உச்சம். பெரியவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க வினையையே மாற்றிவிடுகிறார்கள்: "துஷ்யொஸ்ஸொயோ?" அவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது அந்த மரியாதை வினை ஆகாது, "மொகொஸ்ஸொயோ" என்று சாதாரண வினையில்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய ஆளானாலும் தனக்குத்தானே மரியாதை போட்டுக்கொள்ள இலக்கணம் விடாது. தோட்டத்துப் பெரிய துரைமாரை ஒரு மாதமாவது இந்த வகுப்பில் உட்கார வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.