எறியுளியும் நெய்தற் பாட்டும்

நெய்தற் பாடல்களில் வரும் பெருமீன் வேட்டையைக் கருப்பொருளின்பாற் படுத்துப் பெயர் சுட்டி அமைவது ஆய்வுலகின் பெருவழக்கு. திமில், வலை, தூண்டில், எறியுளி எனப் பட்டியல் வகுப்பார் பலர். அக்கருவி தொழிற்படும் முறையை ஆராய்வார் சிலர். கருவியின் செயல்முறை விளங்காதவழிப் பாட்டின் உரிப்பொருளும் முற்ற விளங்காது என்பதே ஈண்டு நாம் நிறுவக் கருதுவது. குறுந்தொகை 304ஆம் பாட்டும் அகநானூறு 210ஆம் பாட்டும் இதற்குச் சான்றாவன.

முன்னது கணக்காயன் தத்தன் பாடியது. கூரிய எறியுளியை உலர்ந்த மூங்கிற் காம்பிற் பொருத்திய பரதவர், எறிந்து வாங்கும் விசையோடு கோட்டுமீனைத் தாக்குகின்றனர்; கரையிலிருந்த அன்னக்கூட்டம் வெருவி நீங்குகின்றது. அத்துறைக்கு உரிய தலைவனோடு தான் கொண்டது பகையை விளைக்கும் நட்பு என்கின்றாள் தலைவி. பின்னது உலோச்சனார் பாடியது. எறியுளியாற் புண்பட்ட பெருமீன் குருதியாற் கடலைக் கறைப்படுத்தி, வானவில் போல் துள்ளிப் பாய்ந்து, அலைகளைக் கலக்கி, வலிமை அழிந்தபின் திமில் நிரையின் பக்கம் வருகின்றது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. புண்பட்ட மீன் ஆழ்கடல் நோக்கி ஓடாது, தன்னைக் கொல்ல முனைந்தவர் திமிலருகே வருவானேன்? உரன் அழிந்தமையால் அலை கொணர்ந்தது எனின் அமையும் போலும். ஆயின் பெருமீன் வேட்டையின் முறையறிந்தார்க்கு வேறொரு விடை தோன்றும். எறியப்படும் உளி கயிற்றொடு பிணிக்கப்பட்டது. உளி தசையுட் பதிந்ததும் வேட்டுவர் உடனே இழுப்பதில்லை. இழுப்பின் கயிறு அறும், அன்றித் தசை கிழியும். ஆகவே கயிற்றை நெகிழவிட்டு மீனை ஓடவிடுவர். அது துள்ளியும் கலக்கியும் தன் ஆற்றலைத் தானே செலவிட்டபின் மெல்ல வாங்குவர். தாக்கல், ஓடவிடல், தளர்வித்தல், வாங்கல் என்னும் இந்நான்கும் பெருமீன் வேட்டைக்கு எந்நாட்டினும் பொது. உலோச்சனார் பாட்டு இவ்வரிசையிற் சிறிதும் பிறழவில்லை.

கயிறு என்னும் சொல் இவ்விரு பாட்டினும் இல்லையே எனத் தடை நிகழ்த்தலாம். தடை பொருந்துவதே. ஆயினும் தத்தன் பாட்டு, எறிதலோடு வாங்குதலையும் ஒருங்கு கூறுகின்றது. கயிறு இல்வழி, எறிந்ததை வாங்குதல் எங்ஙனம்? வாங்குதல் என்பதற்கு வளைத்தல் என்ற பொருளும் உண்டு. எறியுங்கால் உடலையும் கையையும் வளைத்தலே அது எனின், உலோச்சனார் பாட்டில் மீன் மீண்டு வருதல் காரணமின்றி நிற்கும். இரண்டையும் இணைத்து நோக்குவார்க்குக் கயிறு உண்மை துணியப்படும்.

இத்துணிவு கருவியளவில் நில்லாது. புண்படுத்துவதும் பிணிப்பதும் ஒரே கருவி என்பதே எறியுளியின் தனித்தன்மை. வலை பிணிக்கும், புண்படுத்தாது; அம்பு புண்படுத்தும், பிணிக்காது. பகையும் நட்பும் ஒன்றாகிய காதலுக்கு உளியினும் பொருத்தமான உள்ளுறை பிறிதில்லை. தாக்கப்படாத அன்னங்கள் எளிதில் நீங்குகின்றன. தாக்குண்ட மீனுக்கு நீங்குதல் இயலாது. தலைவியின் நிலை பின்னதன் நிலையாம். உலோச்சனார் பாட்டிலும், முன்பு நள்ளிரவில் வந்து துறையின் அழகைப் புகழ்ந்தவன், இன்று தாழங்கிளை தேரைத் தடுக்கின்றது என்று காரணம் கூறுகின்றான் எனத் தோழி உரைக்கின்றாள். கயிற்றை ஓடவிட்டு நிற்பவன் அவன். துள்ளித் தளர்பவள் தலைவி.

இப்பாடல்கள் கொற்கையைப் பெயர் சுட்டவில்லை. எனினும் சுறாவும் குளிப்பும் அக்கடலில் ஒருங்கியைந்தமையை அகநானூறு 350 காட்டுகின்றது. பரதவர் சுறாவை நீக்கி வலம்புரிக்கு மூழ்கி, கொற்கை ஆரவாரத்தோடு எதிர்கொள்ள மீள்கின்றனர். சுறாவால் ஏற்பட்ட புண் ஆறியபின் தந்தை மீண்டும் கடல் புகுந்ததைக் குறுந்தொகை 269 கூறும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கடலை விவரித்த மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தாற் கட்டுவார்க்கு முத்தில் இருபதில் ஒரு கூறு அளிக்கப்பட்டது என்கின்றார். ஆங்கிலேயர் ஆட்சியிலும் கடல்கட்டி எனப்பட்டோர் முத்துக்குளிப்பில் இடம்பெற்றனர். தூத்துக்குடியின் கரை தாழ்ந்த மணற்கரை. பாறை கடலினுள்ளேதான் உள்ளது. அதனைப் பார் என வழங்குவர். முத்துச்சிப்பி வளர்வதும் பெருமீன் திரிவதும் அப்பாரிலேயே. உளியும் மந்திரமும் ஓர் அச்சத்திற்கு எழுந்த இருவகை விடைகள்.

முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. கோட்டுமீன் என்பதற்குச் சுறா எனப் பொதுப்படப் பொருள் கொள்வர். வாள்போன்ற நீண்ட மூக்கினையுடைய வேளா மீனே அது எனக் கொள்ளவும் இடமுண்டு. அவ்வேளா இனங்கள் அருகி, 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. மீனும் கருவியும் மறைய, அவற்றை அறிந்தார் சொல்லும் மறையும். தூத்துக்குடிக் கடற்புறத்தின் வழக்குச் சொற்களை ஜோ டி குருஸ் ‘ஆழி சூழ் உலகு’ (2004), ‘கொற்கை’ (2009) ஆகிய புதினங்களில் ஆண்டிருத்தல் ஆய்வாளர்க்குப் பெருந்துணை. எனினும் புதினம் அகராதியாகாது. எறிதல், வாங்கல், நெகிழவிடல் ஆகியவற்றுக்கு முதிய கடலோடிகள் வழங்கும் சொற்களை, அவர்கள் உள்ளபோதே திரட்டி நெய்தற் பாடல்களோடு ஒப்புநோக்குதல் தமிழ்த்துறைகளின் கடன். அகச்சான்று ஏட்டிலுளது, அதற்கு உரை இன்றும் கரையிலுளது.