வராத பறவையும் மாறாத புத்தகமும்

பொது அறிவு நூல் எதையேனும் புரட்டிப் பாருங்கள். 'பரத்பூர்' என்ற ஊர்ப்பெயருக்கு எதிரே 'சைபீரியக் கொக்கு' என்று அச்சிட்டிருப்பதைப் பலவற்றில் காண்பீர்கள். இதை நம்பி ஒரு மாணவர் குளிர்காலத்தில் இராஜஸ்தானுக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பனி விலகாத காலையில் கேவலாதேவ் பூங்காவின் நீர்நிலைக் கரையில் தொலைநோக்கியுடன் நிற்கிறார். வாத்துகள் உண்டு, கரண்டிவாயன்கள் உண்டு. தேடி வந்த பறவை மட்டும் இல்லை. நாளை வரும் என்று மறுநாளும் காத்திருக்கிறார்.

அது வராது. 2001-02 குளிர்காலத்தில் அங்குத் தங்கிய ஓர் இணையே கடைசி. அதற்குப் பின் அது பரத்பூருக்கு வந்ததாக உறுதியான பதிவு இல்லை.

அரிய பறவையைத் தேடுவோர்க்கு ஏமாற்றம் புதிதன்று. ஆனால் இயற்கை தரும் ஏமாற்றம் வேறு, புத்தகம் தரும் ஏமாற்றம் வேறு. நாம் குறை கூறுவது இரண்டாவதைத்தான்.

நடந்தது என்ன? இப்பறவைகள் மேற்குச் சைபீரியாவில் ஓப் ஆற்றுப் படுகையில் கூடு கட்டின. அங்கிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக 5,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து பரத்பூரை அடைந்தன. ஆழமற்ற நீரில் கோரைக் கிழங்குகளை அகழ்ந்து தின்றன. 1964-65இல் ஏறத்தாழ 200 பறவைகள் வந்தன. 1992-93இல் வந்தவை ஐந்தே. வழியில் வேட்டைக்காரர்களிடம் பல மடிந்தன. இரண்டு முட்டையிட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சே பிழைக்கும் இனம் இது. இழப்பை எளிதில் ஈடுசெய்ய அதனால் இயலாது.

பூங்காவிலும் ஒரு சிக்கல் எழுந்தது. 1982இல் எருமை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் எருமைகள் மேய்ந்து அடக்கி வைத்திருந்த புல், தடைக்குப் பின் நீர்ப்பரப்பை மூடிப் படர்ந்தது. திறந்த நீரை விரும்பும் பறவைகளுக்கு இது கேடாயிற்று. எனினும், கொக்கு அழிந்ததற்கு இதையே முதற்காரணமாகக் கூறுவது சரியெனத் தோன்றவில்லை. வழிநெடுக இருந்த துப்பாக்கிகளை மறந்துவிடுவதாகும் அது.

இந்த வரலாற்றில் மாணவர்கள் கருத வேண்டிய பகுதி ஒன்று உண்டு. 1993-94, 1994-95 ஆகிய இரு குளிர்காலங்களிலும் ஒரு பறவையும் வரவில்லை. கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். 1996இல் நான்கு பறவைகள் திரும்பி வந்தன! வெறுங்கையுடன் திரும்பியவர்கள் 'காணவில்லை' என்று எழுதி வைத்ததால்தான் அந்த இடைவெளி நமக்குத் தெரிகிறது. பறவையியலில் பூச்சியமும் ஓர் எண்ணே. நம் நூல்களில் அந்த எண்ணுக்கு இடமில்லை. 'வருகின்றன' என்று எழுதுவார்கள். எந்த ஆண்டில் என்று எழுத மாட்டார்கள். ஆண்டில்லாத அவ்வரி ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு அப்படியே போய்ச் சேருகிறது.

இதனால் இன்னொரு தீங்கும் உண்டு. ஆசை, இல்லாத பறவையையும் கண்முன் நிறுத்திவிடும். பரத்பூரிலேயே வாழும் சாரஸ் கொக்கின் தலையும் சிவப்புத்தான். தொலைவிலிருந்து பார்ப்பவர் 'கண்டுவிட்டேன்' என்று துள்ளக்கூடும். சாரஸின் உடல் சாம்பல் நிறம். சைபீரியக் கொக்கோ தூய வெண்மை; முகம் மட்டும் சிவப்பு; இறக்கை நுனியின் கருமை பறக்கும்போதுதான் நன்கு தெரியும்.

இவ்வினம் உலகிலிருந்து மறைந்துவிடவில்லை. கிழக்குச் சைபீரியாவில் வாழும் கூட்டம் சீனாவின் போயாங் ஏரியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. உலகில் எஞ்சியவை அனேகமாக எல்லாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தவையே.

நீங்கள் பரத்பூர் சென்றால் குறிப்பேட்டில் நாள், நின்ற இடம், காத்திருந்த நேரம், நீரின் அளவு ஆகியவற்றோடு, 'சைபீரியக் கொக்கு: 0' என்றும் எழுதுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் பொது அறிவு நூலின் பதிப்பாளருக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள்.