சர்க்கரை காட்டிக்கொடுக்கும் இடம்

பேஸ்மேக்கரிலோ செயற்கை வால்விலோ கிருமி குடியேறினால் கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல. காய்ச்சல் வரும், போகும். எக்கோ ஸ்கேனில் உலோகத்தின் நிழல் விழுந்து, பார்க்கவேண்டிய இடமே மறைந்துவிடும். அங்கேதான் பெட் சிடி ஸ்கேன் கைகொடுக்கிறது.

அதன் சூட்சுமம் சர்க்கரையில் இருக்கிறது. கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளையணுக்களுக்கு அகோரப் பசி. குளுக்கோஸை அள்ளி விழுங்கும். ஃப்ளோரின்-18 ஏற்றிய, குளுக்கோஸ் போன்ற மருந்தை ஊசியில் செலுத்தி, சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படமெடுக்கிறார்கள். சண்டை நடக்கும் இடம் ஒளிர்கிறது.

ஆனால் இதயத் தசையும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளுமே! அதற்குத்தான் முதல்நாள் பத்தியம். சோறு, ரொட்டி, இனிப்பு கிடையாது. கொழுப்பு மிகுந்த உணவு, பிறகு நீண்ட பட்டினி. தசை கொழுப்பை எரித்துக்கொண்டு ஒதுங்கிவிட, தொற்று தனித்துத் தெரிகிறது. அத்தனை பெரிய இயந்திரத்தின் பார்வையை ஒரு வேளைச் சாப்பாடு கூர்மையாக்குகிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

படத்தைக் கணினி திருத்தும்போது உலோகத்தைச் சுற்றிப் பொய் வெளிச்சமும் தோன்றும். தேர்ந்த மருத்துவர் கணினி திருத்திய படத்தோடு திருத்தாத படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டிலும் ஒளிர்ந்தால்தான் நம்புவார். அந்த நிதானத்துக்கு என் வணக்கம்.

ஐரோப்பிய இதயவியல் கழகம் 2015இல் செயற்கை வால்வுத் தொற்றுக்கு இந்த ஸ்கேனை முக்கியச் சான்றாக ஏற்றது. 2023இல், இதயத் தொற்றை உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் டியூக் அளவுகோலிலும் இது இடம்பெற்றது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஸ்கேனை எழுதித்தந்தால், மருத்துவர் சொன்ன பத்தியத்தை ஒரு வாய்கூட மீறவிடாதீர்கள்.