ஆறு கோடை கழித்துத் தொட்டுப் பார்த்த தரை

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்கள் சொன்னதை எந்த அளவுக்கு நம்பலாம்? அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்து வந்து எண்பதுகளில் நிறுவிய ஆலை அது. பாண்ட்ஸ் வழியாக இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் அம்பலப்படுத்தினார்கள், ஆலை மூடப்பட்டது. தரையில் உருண்ட பாதரசம், அதே உடுப்போடு வீடு திரும்பியது, நடுக்கம், சிறுநீரகக் கோளாறு என்று தொழிலாளர்கள் பேசத் தொடங்கினார்கள்.

இதில் ஓட்டைகள் உண்டு. சோர்வும் தலைவலியும் யாருக்கும் வரும். பல வாக்குமூலங்கள் போராட்டத்தின் நடுவே பதிவானவை. இழப்பீட்டு எதிர்பார்ப்பும் இருந்தது. ஆனால் ஆதாயம் பார்க்கும் சாட்சி ஒரு பக்கம் மட்டுமா? நிறுவனம் நீட்டிய மருத்துவப் பதிவுகளும் அதன் சொந்த ஏற்பாட்டில் எடுத்தவைதானே.

தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, இன்றைய உடல்நிலையைப் பழைய பாதரசத்தோடு இணைக்கப் போதிய சான்றில்லை என்றது. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. உடலில் புகுந்த பாதரச ஆவியில் பாதி, சுமார் இரண்டு மாதங்களில் வெளியேறிவிடும். ஆலை மூடி ஆறு ஆண்டுகள் கழித்துத் தேடுவது, மழை பெய்ததா என்று அறிய ஆறு கோடை கழித்துத் தரையைத் தொட்டுப் பார்ப்பது போன்றது. ஈரம் இல்லை, மழையும் இல்லை என்று ஆகிவிடுமா? 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வோ, தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருப்பதாகச் சொன்னது.

சரிபார்க்க முடிந்த இடத்தில் சாட்சி தேறினாரா என்பதே என் அளவுகோல். கழிவு ஒழுங்காகக் கையாளப்படவில்லை என்ற பேச்சு மூஞ்சிக்கல்லில் கண்ணெதிரே கிடந்தது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறியது. அதனால் ஆலைக்குள் பாதரசம் எப்படிப் புழங்கியது என்பதில் தொழிலாளர் சொல்லையே ஏற்கிறேன். இன்னாருடைய சாவுக்கு இதுதான் காரணம் என்பதை அந்தச் சொல்லால் மட்டும் நிறுவ முடியாது. அதற்கான பதிவுகளை உரிய காலத்தில், சுதந்திரமான மருத்துவர்களைக் கொண்டு எடுத்திருக்க வேண்டியது ஆலை நடத்தியவர்கள். அவை இல்லாததன் பாரத்தைத் தொழிலாளி தலையில் ஏற்றக்கூடாது.

2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனம் பணம் கொடுக்க இசைந்தது. மனிதாபிமான அடிப்படையில் என்றது. வழக்கு சமரசத்தில் முடிந்ததால், யார் சொன்னது மெய் என்று நீதிமன்றம் எழுதவே இல்லை.