சோறு சாட்டையாகலாமா?

“வாய்ப்பாட்டைப் பிழையின்றி ஒப்பித்தால் மிட்டாய்! தவறினாலோ, மற்றவர் உண்டு முடிக்கும்வரை மூலையில் நில்!” தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் இன்றும் கேட்கும் கட்டளை இது. பிரம்பெடுத்து அடிக்கவில்லையே, இதிலென்ன கொடுமை என்பர் சிலர். பிரம்பு ஓய்ந்தது மெய்தான். ஆனால், அது செய்த வேலையைச் சோற்றுத் தட்டு செய்யலாமா என்பதே நம் கேள்வி.

அந்தத் தட்டு பள்ளிக்குள் நுழைந்த வரலாறு எளியதன்று. 1920இல், நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பகலுணவு தொடங்கிற்று. 1956இல் காமராசர் ஆட்சி அதை நாடெங்கும் பரப்பியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று, 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் பிறந்தது. இவற்றுள் எதிலேனும், ‘நன்றாகப் படிப்பவனுக்கு மட்டும்’ என்றொரு விதி உண்டா? இல்லை! பசித்த வயிற்றில் பாடம் ஏறாது; ஆகவே முதலில் உணவு, பிறகே பாடம். அந்த வரிசையைத் தலைகீழாக்குவோர், நூறாண்டு உழைப்பைத் தலைகீழாக்குகின்றனர்.

ஒப்பிக்க இயலாமல் விழிப்பவன் யார்? பெரும்பாலும், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாதவன். விடியலில் தண்ணீர் சுமந்து, தம்பியைத் தூக்கி, வெறும் வயிற்றோடு ஓடி வருபவன். அவன் தடுமாற்றத்திற்குக் காரணமே பசி. அதற்குத் தண்டனையும் பசியா? வயிறு நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மிட்டாய் ஒரு விளையாட்டு. இவனுக்கோ அது ஏக்கம். எல்லோர் முன்னும் ஏற்கும் இழிவு.

“ஊக்கமூட்டுவது தவறா?” என்று கேட்பர். 1898இல் அமெரிக்க உளவியலறிஞர் தார்ண்டைக், பசித்த பூனையைக் கூண்டில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். பூனை தாழைத் திறக்கக் கற்றது. மறுக்கவில்லை! பூனைக்குத் தாழைத் திறந்தால் போதும். குழந்தைக்கு அறிவின்மீது ஆசை பிறக்க வேண்டுமே! ஓவியம் வரைவதில் விருப்பமுள்ள குழந்தைகளுக்குப் பரிசுத்தாள் தருவதாகச் சொல்லி வரையச் செய்தனர், 1973இல் ஆய்வு வெளியிட்ட லெப்பரும் அவர்தம் கூட்டாளிகளும். பரிசு பெற்ற பின்னர், அக்குழந்தைகள் தாமாக வரைவது குறைந்தது. பரிசாகத் தரப்படும் தின்பண்டத்தின்மீது குழந்தைக்கு நாட்டம் பெருகுகிறது என்று 1980இல் பர்ச் குழுவினர் கண்டனர். கூட்டிப் பார்ப்பீர்: பாடத்தின்மீது பற்று தளரும், மிட்டாய்மீது மோகம் வளரும். இதற்குப் பெயர் ஊக்கமா?

சோற்றைக் கொண்டு தகுதி பிரிப்பது நமக்குப் புதிதுமன்று. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனிப் பந்தி நடந்ததை எதிர்த்து, 1920களில் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய குரலை அறிவோம். அன்று பந்தியைப் பிரித்தது பிறப்பு; இன்று பிரிப்பது மதிப்பெண். இரண்டும் ஒன்றல்ல, ஆயினும் ‘நீ உண்ணத் தகுதியற்றவன்’ என்று பிஞ்சு நெஞ்சில் பதிக்கும் பாடம் ஒன்றே!

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை வருத்தும் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பயிலும் பிள்ளைக்கு மதிய உணவை உரிமையாக்கியுள்ளது. உரிமையைப் பறித்துத் தண்டிக்கவும், பிச்சையாக்கிப் பரிசளிக்கவும் ஆசிரியர்க்கு அதிகாரம் தந்தவர் எவர்?

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். இக்கேள்வியைப் பணிவோடு, ஆனால் விடாது எழுப்புங்கள். பிள்ளை நன்கு படித்தால் பாராட்டுச் சொல் இருக்கிறது, கதை இருக்கிறது, புதிய நூல் இருக்கிறது. தடுமாறினால் மீண்டும் சொல்லித்தரும் பொறுமை வேண்டும். மதிய மணி அடித்துவிட்டால், படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே வரிசை, ஒரே சோறு!