சாம்பல் நிறக் கம்பி

"கம்ப்யூட்டர் ஆன் ஆகல." சென்னை ரிச்சி தெரு சர்வீஸ் கடைகளில் இந்த வாக்கியம் விழாத நாளே இருக்காது. கைதேர்ந்த மெக்கானிக் இதைக் கேட்டதும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. "லைட்டு எதாவது எரியுதா சார்? ஃபேன் சுத்துதா? சுத்திட்டு நின்னுடுதா, இல்ல சுத்திக்கிட்டே இருந்து டிஸ்ப்ளே மட்டும் வரலையா?" என்று விசாரிக்கிறார். பெட்டியைத் திறக்காமலே பாதி வேலை அங்கே முடிந்துவிடுகிறது. அந்த விசாரணையின் வரிசையை ரசித்துக்கொண்டே நிற்கலாம். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் எழுத்து தோன்றுவதற்கும் இடையில் பெட்டிக்குள் என்னென்ன எந்த முறைப்படி நடக்க வேண்டுமோ, அதே முறையில்தான் அவர் கேள்விகளும் போகின்றன.

பழைய கம்ப்யூட்டர்களில் பவர் சுவிட்சு, வீட்டு டியூப்லைட் சுவிட்சைப் போலவே, மின்சாரத்தை நேராக விடும் அல்லது நிறுத்தும். 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறை அதை மாற்றியது. இப்போது நாம் அழுத்தும் பட்டனிலிருந்து மெல்லிய இரண்டு கம்பிகள் மதர்போர்டுக்குப் போகின்றன, அவ்வளவுதான். அவை ஒரு கணம் ஒன்றையொன்று தொட்டால், 'யாரோ எழுப்புகிறார்கள்' என்று போர்டுக்குத் தெரிகிறது. அது தெரிய வேண்டுமானால் போர்டில் ஏதோ ஒரு பகுதி எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். அதற்கென்றே, பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் பகுதியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வருகிறது ஊதா நிறக் கம்பி. சுவரில் பிளக் இருக்கும்வரை அதில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஷட்டவுன் செய்த பிறகும் சில கம்ப்யூட்டர்களில் மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிவது இதனால்தான். மெக்கானிக் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கேபினட்டின் வெறும் உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையை ஊதாக் கம்பி கனெக்டருக்குள் நுழையும் இடத்தில் பின்பக்கமாகச் செருகுகிறார். 4.75க்கும் 5.25க்கும் நடுவே எண் வந்தால் நல்லது. வராவிட்டால், பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கேட்க ஆளில்லை.

போர்டு விழித்திருக்கிறது, பட்டனையும் கவனித்துவிட்டது. அடுத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை அது கூப்பிட வேண்டும். அதற்குத்தான் பச்சைக் கம்பி. அந்தக் கம்பியில் இருக்கும் வோல்ட்டேஜைப் போர்டு பூஜ்யத்துக்கு இறக்கிவிடுகிறது, உடனே எஸ்.எம்.பி.எஸ். முழுவதுமாக உயிர்பெறுகிறது. வோல்ட்டேஜை ஏற்றிக் கூப்பிடாமல் இறக்கிக் கூப்பிடுவதை எண்ணிப் பாருங்கள். கம்பி அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும், போர்டே இல்லாமல் போனாலும் பச்சைக் கம்பி இறங்காது, எஸ்.எம்.பி.எஸ். தானாகக் கிளம்பவும் கிளம்பாது. எது கெட்டாலும் அணைந்தே இருக்கட்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு இது. போர்டிலிருந்து கழற்றிய கனெக்டரில் பச்சையையும் ஒரு கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, 'எஸ்.எம்.பி.எஸ். நல்லா இருக்கா' என்று பார்க்கிறார்களே, அந்த வித்தையும் இதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அதில் ஃபேன் சுற்றியதை வைத்தே நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. சுமை இல்லாதபோது 12 வோல்ட் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் 11.4க்குக் கீழே படுத்துவிடும் எஸ்.எம்.பி.எஸ்.கள் ஏராளம்.

என் மனம் அதிகம் லயிப்பது சாம்பல் நிறக் கம்பியில். எஸ்.எம்.பி.எஸ். கிளம்பியவுடன் 12, 5, 3.3 என்ற மூன்று வோல்ட்டேஜ்களும் ஒரே நொடியில் நேராக வந்து நின்றுவிடுவதில்லை. ஏறி, கொஞ்சம் அலைந்து, அடங்கும். அந்த அலைச்சலில் பிராசஸர் வேலையைத் தொடங்கினால் முதல் கணக்கே தப்பாகும். தம்புராவின் சுருதி நிலைக்கும்வரை பாடகர் வாய் திறக்காமல் இருப்பது போல, பிராசஸரும் ரீசெட்டில் நிறுத்தி வைக்கப்படுகிறது. எல்லாம் அடங்கி, 100 முதல் 500 மில்லி விநாடி வரை பொறுத்திருந்து, 'இனித் தொடங்கலாம்' என்ற ஒரே செய்தியைச் சாம்பல் கம்பி சொல்கிறது. அதன் பிறகுதான் பிராசஸர் விடுவிக்கப்பட்டு, 4 ஜி.பி. எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கும் முகவரியிலிருந்து தன் முதல் கட்டளையை எடுக்கிறது. இதே கம்பி விடைபெறும்போதும் முன்னால் நிற்கிறது: கரண்ட் போனால், மற்ற வோல்ட்டேஜ்கள் சரிவதற்குக் குறைந்தது 1 மில்லி விநாடி முன்பே இது இறங்கி எச்சரித்துவிட வேண்டும் என்பது விதி. யாருமே கவனிக்காத அரை நொடிக்குள் இவ்வளவு நிதானத்தை வைத்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை. இப்போது வரும் எஸ்.எம்.பி.எஸ்.கள் பலவற்றில் அழகுக்காக எல்லாக் கம்பிகளுக்கும் கறுப்பே பூசிவிடுகிறார்கள். எட்டாவது பின், பதினாறாவது பின் என்று எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால், எந்த இடத்தில் அறுந்தது என்பதை நேரமே சொல்லிவிடும். ஃபேன் ஒரு துடி துடித்து உடனே நின்றால் எங்கோ ஷார்ட்; எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொண்டது. போர்டின் அடியில் தேவையில்லாத இடத்தில் மாட்டிய ஒரு பித்தளை ஸ்டாண்டுகூட அதற்குப் போதும். நன்றாகக் கிளம்பி, ஒவ்வொரு முறையும் நான்காவது நொடியில் அணைந்தால் முதலில் பட்டனைச் சந்தேகிக்க வேண்டும். பட்டனை 4 நொடி அழுத்திப் பிடித்தால் கட்டாயமாக அணைத்துவிடு என்று போர்டுக்குக் கட்டளை உண்டல்லவா? உள்ளே போன பட்டன் தூசியில் சிக்கி வெளியே வராமல் நின்றால், யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாகவே போர்டு நினைக்கும். நான்கு நொடிக் கணக்கைக் கவனிக்காதவர் போர்டையே மாற்றச் சொல்லிவிடுவார்; கவனித்தவர் பட்டனின் இரண்டு கம்பிகளை உருவிவிட்டு, அந்தப் பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு தொடு தொடுவார். மெஷின் நிற்காமல் ஓடும்.

மார்கழிக் காலையில் மட்டும் முரண்டு பிடித்து, நாலைந்து தடவைக்குப் பிறகு கிளம்பும் பழைய பெட்டிகள் உண்டு. பெரும்பாலும் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது என்று பொருள்: உள்ளிருக்கும் திரவம் வற்ற வற்ற, குளிரில் அது இன்னும் மந்தமாகும். 2000களின் தொடக்கத்தில் மட்டமான எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் போர்டுகளில் ஏறி, உப்பி, கசிந்தன. கெப்பாசிட்டரின் தலையில் கீறியிருக்கும் சிறு கோடுகள் அலங்காரத்துக்கு இல்லை. உள்ளே வாயு சேர்ந்தால் வெடித்துச் சிதறாமல் அந்த வழியே பிளந்துகொள்வதற்காக. தட்டையாக இருக்க வேண்டிய அந்தத் தலையில் மெக்கானிக் விரல் நுனியை வைத்துத் தடவும்போது ஒரு மில்லிமீட்டர் மேடுகூடத் தட்டுப்படும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் இல்லை என்றால் ராமைக் கழற்றி, அதன் தங்கப் பூச்சுப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டுவது நம் ஊரின் முதல் வைத்தியம். பல நேரம் பலிக்கவும் செய்கிறது. தேர்ந்தவர்கள் அதற்கு முன் இன்னொன்று செய்வார்கள்: ராமே இல்லாமல் ஆன் செய்து காது கொடுப்பார்கள். 'பீப், பீப்' என்று போர்டு முறையிட்டால் அவர்கள் முகம் மலர்கிறது. ராம் இல்லை என்று புகார் சொல்ல முடிகிறதென்றால், எஸ்.எம்.பி.எஸ்., பிராசஸர், பயாஸ் மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்றுதானே அர்த்தம்? ஒரு நீளம், இரண்டு குட்டை என்று பீப் வந்தால் பெரும்பாலும் டிஸ்ப்ளே கார்டு. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே இந்த ஒலி உண்டு. திரையே கோளாறு என்பதைத் திரையில் எழுதிக் காட்ட முடியாது என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

இன்றைய கேபினட்கள் பலவற்றில் அந்தச் சின்ன ஸ்பீக்கரை வைப்பதில்லை. பதிலாகச் சில போர்டுகளில் சி.பி.யு., டி-ராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு விளக்குகள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். நல்ல ஏற்பாடுதான், ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தெரியும். பீப் ஒலியோ பெட்டி மூடியிருந்தாலும், மேசைக்கு அடியில் கிடந்தாலும், போனில் விவரம் கேட்கும் மெக்கானிக்கின் காது வரைக்கும் போகும். புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் அந்தச் சின்ன ஸ்பீக்கரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மாட்ட வேண்டிய பின்கள் பெரும்பாலான போர்டுகளில் பவர் பட்டன் கம்பிகள் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும்.