மல்லார்டுக்கு ஏன் இந்தப் பாவாடை?

மல்லார்ட் நீராவி எஞ்சினின் இந்த மாடல் கிட்டில் மிகச் சிறந்த பாகம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: சக்கரங்களுக்கு மேலே ஆடும் ராடுகளும் லீவர்களும். மிக மோசமான பாகம் எது என்றால் அதையும் தயங்காமல் சொல்வேன்: அந்த ராடுகளையும் லீவர்களையும் மூடுவதற்கென்றே கடைசியில் வந்து சேரும் நீலத் தகடு. மாதக்கணக்கில் கண்ணை நோகடித்துச் செய்ததை ஒரே மாலையில் மறைத்துவிடச் சொல்கிறார்கள். புது சோபா வாங்கி அதன்மேல் பழைய பெட்ஷீட்டை விரித்து வைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தக் கிட் ரொம்பப் பிடிக்கும்.

அளவு விவரமெல்லாம் அட்டையிலேயே இருக்கிறது. ஓ கேஜ், அதாவது நிஜத்தின் ஒரு அடிக்கு இங்கே 7 மில்லிமீட்டர். எஞ்சினும் டெண்டரும் சேர்த்து அரை மீட்டர் நீளம். பித்தளைத் தகடு, வார்ப்பு உலோகம், ஆங்காங்கே பிளாஸ்டிக், ஒரு மோட்டார், ஒரு ஒலி சிப். தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப்போவதில்லை. பாகம் பாகமாகப் பிரித்து மாதாமாதம் அனுப்பிக் காசு வாங்கும் கம்பெனிகள் நான் பார்த்தவரை ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். பெட்டிகள் லண்டனில் மைத்துனர் வீட்டு முகவரிக்கு வந்து, ஊருக்கு வருகிறவர் போகிறவர் சூட்கேஸில் ஏறிச் சென்னைக்கு வந்தன. மொத்தச் செலவைக் கூட்டினால் நல்ல ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருக்கலாம். வீட்டில் இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை.

நிஜ மல்லார்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 வகை, எண் 4468, 1938 மார்ச்சில் டான்காஸ்டர் பணிமனையிலிருந்து வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலை 3-ம் தேதி ஸ்டோக் இறக்கத்தில் மணிக்கு 126 மைல், சுமார் 203 கிலோமீட்டர் வேகம் தொட்டது. நீராவி எஞ்சின்களில் அந்தச் சாதனை இன்றைக்கும் அதன் பெயரில்தான் இருக்கிறது. இப்போது யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பாகங்கள் வரும் வரிசையை யார் தீர்மானித்தார்களோ, அவர் எஞ்சின் கட்டுகிறவர் இல்லை, சந்தா விற்கிறவர். முதல் பெட்டியில் பளபளக்கும் பெயர்ப்பலகையும் அந்த வளைந்த மூக்கும். அடுத்து டிரைவர் நிற்கும் கேப், அதற்குள் ஒவ்வொரு டயலுக்கும் தனித்தனிக் கண்ணாடி. இதையெல்லாம் தாங்க வேண்டிய சட்டம் வர மாதங்கள் ஆகின்றன. அதுவரை மூக்கை எங்கே வைப்பது? ஷோகேஸில் வைத்தேன், வந்தவர்களெல்லாம் அது என்ன குவளை என்று கேட்டார்கள். வழிமுறைப் புத்தகமோ கறுப்புப் பின்னணியில் கறுப்புப் பாகங்களைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறது. ஸ்க்ரூக்களை எண்ணி வைத்தாற்போல் தருகிறார்கள், உபரியாக ஒன்று கிடையாது. அரிசி முனையளவு ஸ்க்ரூ சாமணத்திலிருந்து துள்ளி மொசைக் தரையில் விழுந்தால், அடுத்து யார் லண்டனிலிருந்து வருகிறார்கள் என்று விசாரிக்க வேண்டியதுதான்.

இத்தனை எரிச்சலையும் மறக்கடித்தது அந்த வால்வ் கியர்.

நீராவி சிலிண்டருக்குள் எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு நேரம் நுழைய வேண்டும் என்பதை முடிவு செய்வது வால்வ். வால்வை ஆட்டுவது சக்கரம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஏற்பாட்டை 1844-ல் கண்டவர் பெல்ஜியத்து ரயில்வே மெக்கானிக் எகிட் வால்ஷார்ட்ஸ். படத்தில் நூறு தடவை பார்த்திருப்போம், புரிந்ததுபோலவும் இருக்கும். கையில் வைத்துக் கோத்துப் பார்க்கும்போதுதான் அந்த மனிதரின் மூளை தெரிகிறது.

சக்கரத்தின் கிராங்க் முனையிலிருந்து ஒரு சின்னக் கை கிளம்புகிறது, ரிட்டர்ன் கிராங்க். அது ஒரு ராடைத் தள்ளி இழுக்க, அந்த ராட் வளைந்த லிங்க் ஒன்றை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. லிங்கின் நடுவே நீளமான பிளவு, பிளவுக்குள் சறுக்கும் ஒரு கட்டை. கட்டையிலிருந்து வால்வுக்குப் போவது ரேடியஸ் ராட். கட்டையைப் பிளவின் கீழ்ப்பாதியில் வைத்தால் எஞ்சின் முன்னே போகும். மேல்பாதிக்குத் தூக்கினால் வால்வின் ஆட்டம் தலைகீழாகி எஞ்சின் பின்னே போகும். நடுவில் நிறுத்தினால் லிங்க் என்ன ஆடினாலும் அது வால்வை எட்டாது. கிராஸ்ஹெட்டிலிருந்து வரும் காம்பினேஷன் லீவரின் சிறு அசைவு மட்டும் மிஞ்சும். வேகம் பிடித்தபின் டிரைவர் கட்டையை நடுவை நோக்கிக் கொண்டுவருவார். நீராவி கொஞ்சமாக நுழையும், நுழைந்தது விரிந்து வேலை செய்யும், நிலக்கரி மிச்சமாகும்.

பல கிட்களில் இந்தக் கட்டை வெறும் ஒப்புக்கு. லிங்கையும் ராடையும் ஒரே ரிவெட்டால் அடித்து முடித்துவிடுவார்கள். இதில் அப்படி இல்லை. கட்டை தனியாக வருகிறது, பிளவுக்குள் உண்மையாகவே சறுக்குகிறது. எஞ்சினைத் தலைகீழாகத் தொட்டிலில் கிடத்தி, ரேடியஸ் ராடைச் சாமண நுனியால் தூக்கிப் பிடித்து, மறு கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். வால்வ் தண்டு எதிர்ப்பக்கம் போகிறது. கையை விட்டால் பழைய பக்கம். அன்று சாப்பாடு ஆறிப்போனது.

இந்தப் பகுதியைக் கட்டுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாகங்கள் அமிலத்தில் அரித்து வெட்டிய பித்தளை. விளிம்பில் மெல்லிய முகடு ஒன்று நிற்கும். அதை நுண் அரத்தால் தேய்த்து எடுக்காவிட்டால் ராடுகள் ஒன்றோடொன்று உரசும். மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழம் அரித்த கோடு இருக்கும், அந்தக் கோடு மடிப்பின் உட்புறம்தான் வர வேண்டும். மடித்த பிறகு உள்மூலையில் ஈயத்தை ஓடவிட்டால்தான் பலம். மூட்டுக்குப் பின் குத்தி ஈயம் வைக்கும்போது இரண்டு ராடுகளுக்கும் நடுவே எண்ணெய் தோய்த்த மெல்லிய சிகரெட் பேப்பர் துண்டு ஒன்றை வையுங்கள். ஈயம் காகிதத்தைத் தாண்டாது. ஆறியபின் காகிதத்தை இழுத்தெடுத்தால் மூட்டு தளர்வாக ஆடும், தேவையான இடைவெளியும் கிடைத்துவிடும். பழைய மாடல்காரர்கள் எல்லோரும் அறிந்த வித்தை இது. வழிமுறைப் புத்தகத்தில் மட்டும் இல்லை.

இனி குறைகள். பெரிய குறை எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கிறது.

மல்லார்டுக்கு சிலிண்டர்கள் மூன்று. வெளியே இரண்டு, சட்டத்துக்கு உள்ளே ஒன்று. அந்த நடு சிலிண்டரின் வால்வுக்கு கிரெஸ்லி தனி வால்வ் கியர் வைக்கவில்லை. மூன்று கிராங்குகளும் 120 பாகை இடைவெளியில் சுற்றுவதால், வெளி வால்வுகள் இரண்டின் அசைவையும் கூட்டித் திருப்பினால் நடு வால்வுக்கு வேண்டிய அசைவு வந்துவிடும். அதைச் சிலிண்டர்களுக்கு முன்னால் கிடக்கும் இரண்டு லீவர்களைக் கொண்டு செய்து முடித்தார். அழகான கணக்கு. ஆனால் மூட்டுகள் தேயத் தேயக் கணக்கு தப்பும்; நடு சிலிண்டர் தன் பங்குக்கு மேல் வேலை செய்யத் தொடங்கும்; உள்ளே இருக்கும் பெரிய பேரிங் சூடேறும். சாதனை ஓட்டத்தன்றும் அதுதான் நடந்தது. 126 மைல் தொட்ட எஞ்சின் நடு பேரிங் கெட்டு பீட்டர்பரோவில் நின்றுவிட்டது. லண்டன் வரை ரயிலை இழுத்துப் போனது வேறொரு பழைய எஞ்சின். அந்த பேரிங் சூடானால் டிரைவருக்குத் தெரியட்டும் என்று, வெப்பத்தில் வெடித்துச் சோம்பு வாசனை பரப்பும் குப்பி ஒன்றை அதற்குள் வைத்திருந்தார்கள். உலகின் அதிவேக நீராவி எஞ்சினுக்கு அபாய மணி, சோம்பு மணம்.

மல்லார்டின் பெருமையும் பலவீனமும் குடியிருந்த அந்த இடத்தில் இந்தக் கிட்டில் என்ன இருக்கிறது? மோட்டார் வயர். டயலுக்கு டயல் கண்ணாடி கொடுத்தவர்கள், மூக்குக் கதவைத் தனியாகத் திறக்க வைத்தவர்கள், இரண்டே இரண்டு லீவர் கொடுத்திருக்கக் கூடாதா? மோட்டாருக்கு இடம் வேண்டும், நடு கிராங்க் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். லீவர்கள் சிலிண்டருக்கு முன்னால் அல்லவா இருக்கின்றன?

இதைவிட என்னைக் கடுப்பேற்றியது கிராங்க் கோணம். வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடப்பக்கச் சக்கரத்துக்கும் 120 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும். கிட்டில் வரும் அச்சு 90 பாகைக்குச் சதுரம் வெட்டி வருகிறது. இரண்டு சிலிண்டர் எஞ்சின்களுக்குச் செய்த அச்சையே இதற்கும் தள்ளிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒலி சிப் சரியானது: சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆறு ‘சஃப்’. ஆக, காதுக்கு மூன்று சிலிண்டர், கண்ணுக்கு இரண்டு. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நண்பர் சமாதானம் சொன்னார். பின்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தினால் நன்றாகவே தெரிகிறது.

தண்டவாள அகலமும் தவறுதான், 33 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 32. அது இந்தக் கம்பெனியின் பாவமில்லை. ஓ கேஜ் உலகமே சுமக்கும் பழைய பாவம்.

இப்போது பாவாடைக்கு வருகிறேன். ஏ4 எஞ்சின்களின் உடலைக் காற்றைக் கிழிக்கும்படி வடித்தபோது, பக்கவாட்டில் சக்கரங்களின் மேல்பாதி வரை தகடு இறக்கினார்கள். கீழே கனெக்டிங் ராடும் கப்ளிங் ராடும் தெரியும். வளைந்த லிங்க், சறுக்கும் கட்டை, ரேடியஸ் ராட் எல்லாம் தகட்டுக்குப் பின்னால் போய்விடும். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் விடவும் பழுது பார்க்கவும் வேண்டிய தொழிலாளிக்கு அது தலைவலி. இரண்டாம் உலகப் போரின்போது பராமரிப்பு எளிதாகட்டும் என்று அந்தத் தகடுகளைக் கழற்றினார்கள். போர் முடிந்தபிறகும் திரும்பப் போடவில்லை. 1963-ல் ஓய்வு பெற்று அருங்காட்சியகத்துக்குப் போகவிருந்தபோதுதான் மல்லார்ட் பழைய உடுப்பை மறுபடி உடுத்திக்கொண்டது. ஓடிய காலத்தில் பெரும்பகுதியை அது லிங்கும் ராடும் வெளியே தெரியத்தான் கழித்தது.

கிட்டோ அந்தத் தகட்டை ஒட்டிவிடச் சொல்கிறது. ஸ்க்ரூவும் இல்லை, கொக்கியும் இல்லை, பசை. போதாக்குறைக்கு, பாய்லர் உறை ஒரு பெட்டியிலும் தகடுகள் பல மாதம் கழித்து இன்னொரு பெட்டியிலும் வந்ததால் இரண்டு நீலமும் வேறு வேறு. பகல் வெளிச்சத்தில் உறை சற்றுக் கருநீலம், தகடு ஊதா கலந்த நீலம். மாற்றிக் கேட்டு எழுதினால், ‘அச்சுப் படத்துக்கும் நிஜ நிறத்துக்கும் வேறுபாடு இருக்கலாம்’ என்று பதில் வருகிறது. நான் கேட்டது படத்தைப் பற்றி அல்ல.

நான் பசையைத் தொடவில்லை. தகட்டின் உட்புறம் சின்னக் காந்தங்களை ஒட்டி, நடைமேடைத் தகட்டின் அடியில் இரும்புத் துண்டு வைத்து, எடுத்து மாட்டும்படி செய்துகொண்டேன். பெரும்பாலும் எடுத்தே இருக்கிறது. 4468 என்ற எண்ணோடு, இந்த நீலத்தில், தகடு இல்லாமல் நிறுத்துவது 1938-க்குப் பொருந்தாது என்று சொல்லும் அறிஞர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு 4498-ஐக் காட்டுவேன். கிரெஸ்லியின் பெயரையே தாங்கிய ஏ4 அது. பாதுகாக்கப்பட்ட பிறகு பல ஆண்டுகள் இதே நீலத்தில், பாவாடை இல்லாமல் ஓடியது. பார்த்தவர்கள் யாரும் மயங்கி விழவில்லை.

வாங்கலாமா? சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்து, எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று அறிய ஆசையும் இருந்தால், அந்த வால்வ் கியர் ஒன்றுக்காகவே வாங்கலாம். ஷோகேஸில் நீலமாக ஒன்று வேண்டும் என்பவர்கள் கட்டி முடித்த மாடலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். செலவும் குறைவு, சூட்கேஸும் மிச்சம். அடுத்து இதே கம்பெனி ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் கொண்டுவருகிறதாம். அதுவும் கிரெஸ்லி எஞ்சின், அதற்கும் மூன்று சிலிண்டர், ராடுகளை மறைக்கப் பக்கத்தகடு எதுவும் கிடையாது. சந்தா கட்டுவதற்கு முன் அச்சு 120 பாகைதானா என்று எழுதிக் கேட்டேன். ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது, கூடவே பெயர்ப்பலகையின் படம்.